தாய்க்கு 18, ஆசிரியருக்கு 9

கோடியக்கரைக்கு நேர் எதிரே, பாக் நீரிணையின் மறுபக்கத்தில் இருக்கிறது யாழ்ப்பாணத்து வடமராட்சி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இரு நாட்டுக் கரைகளையும் அடித்துப் போட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடமராட்சியின் மணற்காடும் அதில் சிதைந்த ஊர்களில் ஒன்று. அலை வடிந்து மூன்று, நான்கு வாரங்கள் ஆன நிலையில் மணற்காட்டிலும், இலங்கையின் தெற்கே கொஸ்கொட, காலி ஆகிய ஊர்களிலும் 8 முதல் 14 வயது வரையிலான 264 பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வினாத்தாளோடு பேசினார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு ஊருக்கு ஊர் 14 முதல் 39 சதவீதம் வரை இருப்பதாகக் கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் அலையில் தப்பிய பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வோ 70.7 சதவீதம் என்றது.

அலை ஒன்றுதான். எண்கள் மட்டும் ஏன் இப்படி விலகி நிற்கின்றன?

இரண்டில் ஒன்று பொய் என்று சொல்லிவிட முடியாது. கேட்ட வினாத்தாள் வேறு, ‘இதற்கு மேல் போனால் கோளாறு’ என்று கிழித்த கோடு வேறு, அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் இழந்ததும் வேறு. மணற்காட்டுப் பிள்ளைகள் அலைக்கு முன்பே போரைப் பார்த்தவர்கள். மனதை அளக்கும் தாள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அது தரும் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் நாம் பிள்ளைகளுக்குத்தான் அநீதி செய்வோம்.

சர்க்கரை நோய்க்கு ரத்தத்தை எடுத்துப் பார்க்கலாம். சிறுவனின் மூர்க்கத்துக்கும் சிறுமியின் அச்சத்துக்கும் அப்படியொரு பரிசோதனை கிடையாது. என்ன உணர்கிறாய் என்று பிள்ளையிடமும், என்ன பார்த்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவர்களிடமும் கேட்பதே வழி. ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டால் பதிலை ஒப்பிட முடியாது என்பதால், எல்லோரிடமும் ஒரே வாக்கியங்களைக் கொடுத்து அளவைக் குறிக்கச் சொல்லும் முறை வந்தது. பிரிட்டனில் மைக்கேல் ரட்டர் 1967இல் ஆசிரியர்களுக்கான தாளை வெளியிட்டார். அமெரிக்காவில் தாமஸ் ஆக்கன்பாக் நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள் கொண்ட பெரிய பட்டியலை உருவாக்கினார். அதைத் தழுவி, சண்டிகர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சவிதா மல்ஹோத்ராவும் சக ஆய்வாளர்களும் 1988இல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று 75 வாக்கியங்களில் ஓர் அளவுகோலைத் தந்தார்கள்.

இன்று உலகெங்கும் அதிகம் புழங்கும் தாள்களில் ஒன்று ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட ‘பலங்கள், சிரமங்கள் வினாத்தாள்’. தமிழிலும் கிடைக்கிறது. மொத்தம் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, ஓரளவு, நிச்சயம் என மூன்று கட்டங்கள். மதிப்பெண் 0 முதல் 2 வரை. மனக்கவலை, நடத்தை, துறுதுறுப்பு, சக பிள்ளைகளோடு பழக்கம், பிறருக்கு உதவும் குணம் என ஐந்து பகுதிகள், பகுதிக்கு ஐந்து வாக்கியங்கள். உதவும் குணத்தைக் கூட்டலில் சேர்ப்பதில்லை. மற்ற நான்கின் கூட்டுத்தொகை 40க்கு எத்தனை என்பதே சிரம மதிப்பெண். பிள்ளையின் நல்ல குணத்தையும் கேட்கும் தாள் என்பதால் இதை நிரப்பும் தாய் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக உணர்வதில்லை. இந்தத் தாளில் மெச்சத்தக்க அம்சம் இதுதான்.

கோடியக்கரையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்றுவலி. ராத்திரி காற்று பலமாக அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். தம்பியிடம் எரிந்து விழுகிறான். தாய் நிரப்பிய தாளில் மொத்தம் 18. வகுப்பில் அவன் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருப்பவன், யாரையும் அடித்ததில்லை. ஆசிரியரின் தாளில் 9. பையனே நிரப்பிய தாளில் 21. பிரிட்டனில் வகுத்த எல்லைக்கோடு பெற்றோர் தாளுக்கு 17, ஆசிரியர் தாளுக்கு 16, பிள்ளைகள் தாமே நிரப்பும் தாளுக்கு 20. ஆக, தாயும் மகனும் சொல்வதன்படி அவன் கோட்டைத் தாண்டிவிட்டான். ஆசிரியர் சொல்வதன்படி அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987இல் 119 ஆய்வுகளைத் திரட்டி இதைத்தான் கணக்கிட்டார்கள். தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் இருக்கும் இருவரின் மதிப்பீடுகள் ஓரளவு ஒத்துப்போயின. ஒட்டுறவு எண் (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடத்தில் பார்ப்பவர்களிடையே அது 0.28 ஆகச் சரிந்தது. பிள்ளை சொல்வதற்கும் பிறர் சொல்வதற்கும் இடையே 0.22 மட்டுமே. வகுப்பைக் கலைக்கும் பையன் ஆசிரியர் கண்ணில் உடனே படுவான். அரண்டுபோய் அடங்கிக் கிடப்பவனை ‘தங்கமான பையன்’ என்று சொல்லிவிடுவோம். பெண் பிள்ளை என்றால் அந்தப் பாராட்டு இன்னும் சுலபமாகக் கிடைத்துவிடும். அதனால் மூன்று தாள்களையும் கூட்டிச் சராசரி எடுப்பது பெரிய தவறு. எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று விசாரிக்க வேண்டும்.

எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் எல்லோரும் நோயாளிகளா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெங்களூரில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வு, பதினாறு வயதுக்கு உட்பட்டோரில் 12.5 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்கில் 1,000 பிள்ளைகளில் 125 பேருக்கு உண்மையில் சிக்கல் உண்டு. நம் தாள் நூற்றுக்கு 80 தடவை சரியாகச் சொல்லும் என்று கொள்வோம். 125 பேரில் 100 பேரைப் பிடித்துவிடும், 25 பேரைத் தவறவிடும். சிக்கல் இல்லாத 875 பேரில் 175 பேரையும் தவறாகப் பிடிக்கும். பிடிபட்ட 275 பேரில் உண்மையானவர்கள் 100 பேர்தான். கோவாவில் பதின்பருவத்தினரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் கோளாறு வெறும் 1.8 சதவீதம். அங்கே 1,000 பேரிடம் கொடுத்தால் அதே தாள் சுமார் 14 பேரைச் சரியாகப் பிடிக்க 196 பேரைத் தவறாகப் பிடிக்கும்! பள்ளிக்கூடத்தில் ஒரு மதியம் தாளைக் கொடுத்து வாங்கி, அன்று மாலையே பிள்ளைகளுக்கு நோய்ப் பெயர் சூட்டுவது கொடுமை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. தாள் சல்லடைதான், நின்றதை எடுத்துப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வெளிநாட்டு எல்லைக்கோட்டை இங்கே அப்படியே போடவும் முடியாது. இந்தியா, வங்கதேசம், பிரேசில், நார்வே உட்பட ஏழு நாடுகளின் 29,225 பிள்ளைகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, வினாத்தாள் மதிப்பெண்ணில் தெரிந்த நாட்டு வேறுபாடுகள் மருத்துவ மதிப்பீட்டில் கண்ட வேறுபாடுகளோடு பொருந்தவில்லை என்றது. காரணம் புரியாததல்ல. அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், வானிலை சரியில்லை, கடல் எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. அந்த வீட்டுப் பிள்ளையிடம் ‘அடிக்கடி கவலைப்படுகிறாயா’ என்று கேட்டால் ‘நிச்சயம்’ என்றுதான் கட்டம் போடும். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரை பறந்ததைப் பார்த்த பிள்ளை காற்றுக்கு அஞ்சுவதும் அப்படித்தான். அந்த அச்சம் அவர்களுடைய வாழ்க்கையில் காலூன்றியது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? குட்மன் பின்னர் சேர்த்த துணைப் பக்கம் இதற்கு வழி காட்டுகிறது. இந்தச் சிரமம் எவ்வளவு நாளாக இருக்கிறது, பிள்ளையை வருத்துகிறதா, வீட்டில், நட்பில், படிப்பில், விளையாட்டில் குறுக்கே நிற்கிறதா என்று அது கேட்கிறது. கவலை இருந்தும் தோழர்களோடு கரையில் பந்து விளையாடுகிற பிள்ளையும், கவலையால் ஒரு மாதமாகப் பள்ளிக்கூடமே போகாத பிள்ளையும் ஒன்றல்ல.

இன்னொன்றும் முக்கியம். ஆழிப்பேரலைக்குப் பிந்தைய அந்தத் தமிழ்நாட்டு ஆய்வில் தாமதமாகத் தலைகாட்டிய பாதிப்பு என்றே தனியாக 10.9 சதவீதம் பதிவானது. புயல் முடிந்த மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கோப்பை மூடினால் இந்தப் பிள்ளைகள் விடுபட்டுப்போவார்கள். ஆறு மாதம் கழித்து அதே தாளை மறுபடி கொடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டியவர்களோடு பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் நாகப்பட்டினத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய் ஒரு நாள் கூலியை இழக்க உப்பளத்தில் வேலை செய்யும் தாயால் முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் குறித்த நாளில் கடலோரப் பள்ளிகளுக்கே வந்தாக வேண்டும். அதுவரை தாய்க்கும் ஆசிரியருக்கும் உடனடியாகக் கைகொடுப்பது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி இலவசத் தொலைபேசி எண், தமிழிலேயே பேசலாம்.