காக்கியைக் கழற்றியதும் ஓட்டுக் கேட்கலாமா?

நேற்று வரை கையில் லத்தி. இன்று கையில் கட்சிக் கொடி.

நேற்று வரை "கலைந்து போங்கள்" என்று கூட்டத்தை விரட்டிய குரல், இன்று "பெரியோர்களே, தாய்மார்களே" என்று கூட்டத்தை அழைக்கிறது.

போலீஸ் அதிகாரிகள் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தேர்தலில் குதிப்பது நாடெங்கும் நடக்கிறது. சிலர் ஜெயிக்கிறார்கள். சிலர் தோற்கிறார்கள். சிலருக்கு டிக்கெட்டே கிடைப்பதில்லை.

இது சரியா, தவறா? ஒரு போலீஸ் அதிகாரி ஓட்டுக் கேட்டு வந்தால், அவர் தகுதியானவர்தானா என்று நாம் எப்படிப் பார்ப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

சட்டசபைக்கு நிற்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அரசாங்கத்தில் சம்பளம் வாங்கும் பதவியில் இருக்கக் கூடாது. போலீசாருக்கு உள்ள தடை இதுதான். சாதாரண கான்ஸ்டபிளாக இருந்தாலும் சரி, டி.ஜி.பி.யாக இருந்தாலும் சரி, வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. ராஜினாமா செய்ய வேண்டும். அல்லது ஓய்வு பெற வேண்டும்.

வேலையில் இருக்கும் போலீஸ்காரர் பிறருக்காக ஓட்டுக் கேட்பதும் குற்றம். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, அதற்கு 6 மாதம் வரை ஜெயில் தண்டனை உண்டு. லஞ்சத்துக்காகவோ, அரசுக்குத் துரோகம் செய்ததற்காகவோ வேலை நீக்கம் செய்யப்பட்டவர் 5 ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்க முடியாது.

ஒரு சின்னக் காகிதமும் பெரிய அதிகாரியைக் கவிழ்த்துவிடும்!

மேற்கு வங்காளத்தில் தேபாசிஷ் தர் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி இருந்தார். 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் ராஜினாமா செய்தார். பாரதீய ஜனதா கட்சி அவரைப் பீர்பூம் பாராளுமன்றத் தொகுதியில் நிறுத்தியது. "அரசாங்கத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை" என்ற சான்றிதழ் அவருடைய மனுவுடன் இல்லை. ஏப்ரல் மாதம் மனு தள்ளுபடி ஆயிற்று. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். பலன் இல்லை.

கம்பெனி குவார்ட்டர்சில் குடியிருக்கும் நெய்வேலிக் குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும். அரசாங்க வீட்டில் குடியிருந்தவர் வாடகை, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றுக்குப் பாக்கி வைக்கவில்லை என்று காட்டியாக வேண்டும்.

5 நாளில் கட்சிக்காரர்!

சட்டம் கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டாரா? விட்டுவிட்டார். சரி, நிற்கட்டும்!

ஆனால் எப்போது விட்டார்? அதைச் சட்டம் கேட்பதில்லை.

பீகார் மாநில போலீஸ் டி.ஜி.பி.யாக இருந்தவர் குப்தேஸ்வர் பாண்டே. 2020-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி விருப்ப ஓய்வு பெற்றார். 27-ந்தேதி ஆளும் ஐக்கிய ஜனதா தளத்தில் சேர்ந்தார். இடையில் 5 நாட்கள்தான்! அந்த ஆண்டு நடந்த சட்டசபைத் தேர்தலில் அவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

மும்பை போலீஸ் கமிஷனராக இருந்தவர் சத்யபால் சிங். 2014-ம் ஆண்டு தொடக்கத்தில் ராஜினாமா செய்தார். அதே ஆண்டு மே மாதம் உத்தரப்பிரதேசத்தில் உள்ள பாக்பத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்.

ஓய்வு பெற்ற உயர் அதிகாரி ஒருவர் தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர விரும்பினால், ஓராண்டு காலம் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் சேர வேண்டுமானால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஏன்? பதவியில் இருந்தபோதே அந்தக் கம்பெனிக்குச் சலுகை காட்டி, பின்னால் அங்கே நாற்காலி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

கம்பெனிக்கு ஓராண்டு. கட்சிக்கோ ஒரு நாள்கூட வேண்டாம்!

"அதிகாரிகள் அரசியலுக்கு வருமுன் சிறிது காலம் ஒதுங்கியிருக்க வேண்டும்" என்று தேர்தல் கமிஷன் 2012-ல் யோசனை கூறியது. மத்திய அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 2022-ல் இதே கோரிக்கை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. "சட்டம் இயற்றுவது எங்கள் வேலை அல்ல" என்ற கருத்தில் கோர்ட்டு மனுவைத் தள்ளியது.

நெய்வேலியில் வைத்துப் பார்ப்போம்

"வேலையை விட்டபின் அவர் என்ன செய்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

ஆபத்து வேலையை விட்ட பிறகு வருவதில்லை. விடுவதற்கு முந்திய மாதங்களில் வருகிறது. அதை நெய்வேலியில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந்தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. 2011 தேர்தலில் நெய்வேலி என்ற பெயரில் தனிச் சட்டசபைத் தொகுதியும் வந்துவிட்டது.

இங்கே நிரந்தரத் தொழிலாளி இருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறார். நிலம் கொடுத்த விவசாயி இருக்கிறார். நிலம் கேட்கும் நிர்வாகம் இருக்கிறது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் இருக்கின்றன. தகராறு வந்தால் இவர்கள் எல்லோருக்கும் நடுவில் நிற்பவர் யார்? போலீஸ் அதிகாரி!

2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 26-ந்தேதி வளையமாதேவி பகுதியில், பரவனாற்றின் மாற்றுப் பாதைக்காக, கதிர் விடும் பருவத்தில் நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. 28-ந்தேதி பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலியில் முற்றுகைப் போராட்டம் நடத்தியது. அன்புமணி ராமதாஸ் கைது செய்யப்பட்டார். கல் பறந்தது. போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டனர்.

அன்று வேலை பார்த்த எவரையும் இங்கே குறை கூறவில்லை. ஓர் உதாரணத்துக்காக யோசித்துப் பாருங்கள்.

இப்படி ஒரு நாளில் பொறுப்பில் இருக்கும் அதிகாரி, அடுத்த தேர்தலில் நிற்பது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தால்? அவருக்கு டிக்கெட் தரப் போகும் கட்சியே அந்தக் கூட்டத்தில் இருந்தால்? அல்லது அந்தக் கூட்டம் அதன் எதிர்க்கட்சியாக இருந்தால்?

யாரைப் பிடிப்பார்? யாரை விடுவார்? எந்த வழக்கை எழுதுவார்? எந்த வழக்கைக் கிடப்பில் போடுவார்?

அவர் நேர்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் மறுமாதம் அவரே கட்சித் துண்டுடன் மேடை ஏறினால், அடி வாங்கியவன் என்ன நினைப்பான்? "அன்றைக்கே இவர் அந்தக் கட்சி ஆள்தான்" என்பான். அதன் பிறகு அதே ஸ்டேஷனுக்கு வரும் நேர்மையான அதிகாரியையும் அவன் நம்ப மாட்டான்.

ஒருவருக்குக் கிடைப்பது ஒரு பதவி. இழப்பதோ காக்கிச் சட்டை போட்ட அத்தனை பேரின் நல்ல பெயர்!

வேலை பார்த்த ஊரிலேயே ஓட்டா?

இரண்டாவது கேள்வி, எங்கே நிற்கிறார் என்பது.

தேர்தல் வந்தால், ஒரே மாவட்டத்தில் 3 ஆண்டு வேலை பார்த்த போலீஸ் அதிகாரிகளை இடம் மாற்றும்படி தேர்தல் கமிஷன் சொல்லும். சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும் மாற்றச் சொல்லும். பழகிய ஊரில் ஒருதலைப்பட்சமாக நடந்துவிடுவார்களோ என்ற சந்தேகம்தான் காரணம்.

அதே அதிகாரி ராஜினாமா செய்துவிட்டு அதே ஊரில் தானே வேட்பாளராக நின்றால், தடுக்க விதி இல்லை!

ஆந்திராவில் கதிரி என்ற ஊரில் சர்க்கிள் இன்ஸ்பெக்டராக இருந்தவர் கோரண்ட்ல மாதவ். 2018-ல் ஓர் அரசியல்வாதியுடன் ஏற்பட்ட மோதலில் பெயர் பரவியது. வேலையை விட்டார். 2019-ல் இந்துப்பூர் தொகுதியில் நின்று பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். அவர் இன்ஸ்பெக்டராக இருந்த கதிரி, அந்த இந்துப்பூர் தொகுதிக்குள்தான் இருக்கிறது!

மேற்கு வங்காளத்தில் 2021-ல் தேப்ரா சட்டசபைத் தொகுதியில் இன்னொரு காட்சி. இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரிகள்! ஒருவர் ஹுமாயூன் கபீர். மற்றவர் பாரதி கோஷ். பாரதி கோஷ் அந்த மாவட்டத்திலேயே போலீஸ் சூப்பிரண்டாக இருந்தவர். ஜெயித்தவர் ஹுமாயூன் கபீர்.

எந்தத் தெருவில் யார் பெரியவர், யார்மேல் என்ன வழக்கு, யாருக்கு என்ன பயம் என்பதெல்லாம் ஸ்டேஷனில் இருந்தவருக்குத் தெரியும். எதிர் வேட்பாளருக்குத் தெரியாது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் மட்டும் பாதித் தூரம் முன்னால் நின்று ஓடுவது போன்றதல்லவா இது?

எல்லோரையும் ஒரே தராசில் போடக் கூடாது

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். எல்லா போலீஸ் அதிகாரிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சந்தேகிப்பது நியாயம் அல்ல.

அண்ணாமலை கர்நாடகத்தில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். 2019-ல் ராஜினாமா செய்தார். 2021-ல் தன் சொந்த மாவட்டமான கரூரில் அரவக்குறிச்சித் தொகுதியில் நின்றார். 2024-ல் கோவையில் நின்றார். இரண்டிலும் தோற்றார். அவருடைய அரசியலை ஏற்பவர் உண்டு, எதிர்ப்பவர் உண்டு. ஆனால் அவர் வேலை பார்த்தது வேறு மாநிலம். எனவே "வேலை பார்த்த ஊரில் ஓட்டா?" என்ற கேள்வி அவரிடம் எழவில்லை.

ஆர்.நடராஜ் டி.ஜி.பி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவராகவும் இருந்தார். 2016-ல்தான் மயிலாப்பூரில் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். 2021-ல் தோற்றார்.

முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி 2007-ல் வேலையை விட்டார். 8 ஆண்டு கழித்து, 2015-ல், டெல்லியில் முதல்-மந்திரி வேட்பாளராக நின்றார். நின்ற தொகுதியிலேயே தோற்றுவிட்டார். நம் பக்கத்துப் புதுச்சேரியில் 2016 முதல் 2021 வரை கவர்னராக இருந்தவரும் அவரே.

போலீஸ் புகழ் வேறு, ஓட்டு வேறு என்பதை மக்கள் அறிந்திருக்கிறார்கள்.

தொழிலும் வேறுதான். போலீஸ் அதிகாரி உத்தரவு போடுவார். மற்றவர்கள் சல்யூட் அடிப்பார்கள். எம்.எல்.ஏ. அப்படி இருக்க முடியாது. சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் எழுந்து கேள்வி கேட்பார். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்துடன் வரும் பெண்கள் கேட்பார்கள். அதுவரை பிறரை விசாரித்தவர், இனி தினமும் விசாரிக்கப்படுவார். அந்தப் பொறுமை அவரிடம் இருக்கிறதா?

ஏழையிடம் எப்படி நடந்தார்?

மூன்றாவது கேள்விதான் மிகவும் முக்கியம். சட்டை போட்டிருந்தபோது எளியவரிடம் எப்படி நடந்துகொண்டார்?

இதற்குத் தூரம் போக வேண்டாம். நெய்வேலியை அடுத்த முதனை கிராமத்து ராசாக்கண்ணுவின் கதை எல்லோருக்கும் தெரியும். 1993-ல் கம்மாபுரம் போலீசார் அவரைத் திருட்டு வழக்கில் பிடித்துச் சென்றனர். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி விடவில்லை. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. அவர் போலீஸ் காவலில் இறந்தது வெளியாயிற்று. போலீசார் தண்டனை பெற்றனர். 2021-ல் வந்த "ஜெய் பீம்" படம் இந்தச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டதுதான்.

ஸ்டேஷன் காகிதத்தில் எழுதியது ஒன்று. நடந்தது வேறு!

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த உண்மையைத் தோண்டி எடுத்ததிலும் போலீஸ் அதிகாரிகளுக்குப் பங்கு உண்டு. இருவர் போட்டதும் ஒரே காக்கிதான். சட்டையைப் பார்த்து மனிதனை எடை போட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நீங்கள் என்ன செய்யலாம்?

வேட்பாளர் தன்மீதுள்ள கிரிமினல் வழக்குகள், சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். அதைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் ஒட்டி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்களுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் இலாகாவில் வாங்கிய தண்டனையை அதில் எழுத வேண்டியதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும். வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது வாசலிலேயே கேட்கலாம்:

"எப்போது வேலையை விட்டீர்கள்? அதற்கு முன்பே கட்சியுடன் பேச்சு நடந்ததா?"

"இந்த ஊரில் வேலை பார்த்தீர்களா?"

"உங்கள் காவலில் இருந்தவர் எவராவது அடிபட்டாரா? உங்கள்மீது இலாகா நடவடிக்கை உண்டா? மனித உரிமைக் கமிஷன் உங்களைக் கண்டித்திருக்கிறதா?"

நல்ல அதிகாரி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வேலையில் இருந்த காலத்தில் அவரும் பலரைக் கேள்வி கேட்டவர்தானே!

தகுதி இல்லாதவர் மனுவைச் சட்டத்துக்கு விரோதமாக ஏற்று, அவர் ஜெயித்தும் விட்டால், அதற்கும் வழி உண்டு. அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் 45 நாட்களுக்குள் ஐகோர்ட்டில் தேர்தல் வழக்குப் போடலாம்.

போலீஸ்காரரும் குடிமகன்தான். தேர்தலில் நிற்க அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் உரிமை வேறு, தகுதி வேறு. உரிமையைச் சட்டம் தருகிறது. தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு உங்கள் விரலில் இருக்கிறது.

மை வைக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்!