எஃகுத் தூணின் பாதம்: தடித்த தகடா, விறைப்பான்களா?

எஃகுத் தூணை நேரடியாகக் கான்கிரீட்டின் மேல் நிறுத்த முடியாது. சாதாரணக் கட்டுமான எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வரை தாங்கும். ஐ.எஸ். 456 நெறிப்படி எம்25 கான்கிரீட்டின் மேல் ஏற்றக்கூடிய அழுத்தம் 11.25 நியூட்டன்தான், அதாவது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. தூணின் சுமையை அகலமான பரப்பில் பரப்பித் தரும் வேலை அடித்தகட்டுக்கு உரியது. பட்டறையிலும் தளத்திலும் அதற்குப் பேஸ் பிளேட் என்று பெயர்.

தூண் கீழ்நோக்கி அழுத்துவதோடு நின்றால் கணக்கு எளிது. கிரேன் ஓடும் தொழிற்கூடத்திலும் காற்றை எதிர்க்கும் சட்டகத்திலும் தூணின் அடி சுமையோடு திருப்புத்திறனையும் அடித்தளத்துக்குக் கடத்த வேண்டும். இரண்டும் சேரும்போது, சுமை நடுவிலிருந்து விலகிச் செயல்படுவதாகக் கொள்ளலாம். திருப்புத்திறனைச் சுமையால் வகுத்தால் கிடைப்பது அந்த விலகல் தூரம். அது தகட்டு நீளத்தின் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் தகட்டின் அடிப்பரப்பு முழுவதும் அமுங்கியே இருக்கும். அதைத் தாண்டினால் ஒரு முனை மேலெழப் பார்க்கும். இன்னும் கூடினால் அந்த முனையை ஆங்கர் போல்ட்டுகள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 400 மி.மீ. ஆழமும் 400 மி.மீ. அகலமும் கொண்ட எச் வடிவத் தூண். பாதுகாப்புக் காரணிகளால் பெருக்கப்பட்ட சுமை 400 கிலோநியூட்டன். திருப்புத்திறன் 200 கிலோநியூட்டன் மீட்டர். விலகல் 500 மி.மீ. ஆகிறது. 700 மி.மீ. நீளமும் 500 மி.மீ. அகலமும் உள்ள தகட்டின் விளிம்பு நடுவிலிருந்து 350 மி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஆக, சுமையின் கோடு தகட்டுக்கே வெளியே விழுகிறது. போல்ட் இல்லாவிட்டால் தூண் சாய்ந்துவிடும்.

கான்கிரீட் ஒரு முனையில் 11.25 நியூட்டன் என்ற உச்ச அழுத்தத்தில் ஒரே சீராகத் தாங்குவதாகக் கொண்டு, எதிர்முனைப் போல்ட் வரிசையை மையமாக வைத்துத் திருப்புத்திறன்களைச் சமன்செய்யலாம். போல்ட்டுகள் விளிம்பிலிருந்து 75 மி.மீ. உள்ளே இருந்தால், அமுங்கும் பட்டையின் அகலம் ஏறத்தாழ 95 மி.மீ., அதன் மொத்த விசை 537 கிலோநியூட்டன், போல்ட்டுகளின் மொத்த இழுவிசை 137 கிலோநியூட்டன். இரண்டு எம்24 போல்ட்டுகள் இந்த இழுவிசையைத் தாங்கிவிடும். கான்கிரீட்டுக்குள் அவற்றின் பிடிப்பைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். போல்ட் அறுவதற்கு முன்பே கான்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வந்துவிடலாம்.

சிக்கல் தகட்டின் தடிமனில் வருகிறது. தூணின் ஃபிளாஞ்சைத் தாண்டித் தகடு இருபுறமும் 150 மி.மீ. நீண்டிருக்கிறது. கீழிருந்து வரும் அழுத்தம் அந்த நீட்டத்தை மேல்நோக்கி வளைக்கிறது. 250 மெகாபாஸ்கல் எஃகு என்று வைத்துக் கணக்கிட்டால் 49 மி.மீ. தடிமன் போதும் என்று விடை வரும். ஆனால் தடிமன் கூடக் கூட எஃகின் நெகிழ்வு வலிமை குறைகிறது. ஐ.எஸ். 2062 நெறியில் 40 மி.மீ.க்கு மேற்பட்ட இ250 தகட்டுக்கு 230 மெகாபாஸ்கல்தான் உறுதி. அதை வைத்துக் கணக்கிட்டால் 51 மி.மீ. தாண்டுகிறது, சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 56 மி.மீ. அத்தகைய தகட்டின் எடை 150 கிலோவுக்கு மேல்.

இங்கேதான் விறைப்பான்கள் வருகின்றன. ஃபிளாஞ்சின் வெளிமுகத்திலும் தகட்டின் மேற்பரப்பிலும் செங்குத்தாகப் பற்றவைக்கப்படும் சிறு தகடுகள் இவை. பட்டறையில் ஸ்டிஃப்னர் அல்லது கஸெட் என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் 130 மி.மீ. இடைவெளியில் நான்கு வைத்தால், நீண்டு நிற்கும் தகடு தன் முழு நீட்டத்துக்கும் வளைய வேண்டியதில்லை. ஒரு விறைப்பானிலிருந்து அடுத்ததற்குப் பாலமாக நின்றால் போதும். தேவையான தடிமன் சுமார் 21 மி.மீ. ஆகக் குறைகிறது. 25 மி.மீ. தகடும், 12 மி.மீ. தடிமனும் 250 மி.மீ. உயரமும் உள்ள எட்டு விறைப்பான்களும் சேர்ந்தாலும் எடை 100 கிலோவைத் தொடாது.

இதோடு வடிவமைப்பு முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. விறைப்பான் விசையை ஒழிப்பதில்லை. வேறு வழியில் திருப்புகிறது. மேற்கண்ட கணக்கில் உள்வரிசை விறைப்பான் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 140 கிலோநியூட்டனைத் தூணுக்குக் கடத்துகிறது. அந்த விசை ஃபிளாஞ்சிலிருந்து 100 மி.மீ. தள்ளிச் செயல்படுவதால் விறைப்பானின் மேல்முனை ஃபிளாஞ்சை உள்நோக்கித் தள்ளுகிறது. பின்னால் வெப் தகடு இருக்கும் இடத்தில் அந்தத் தள்ளலுக்குத் தாங்கல் உண்டு. மற்ற இடங்களில் ஃபிளாஞ்சே வளையும். ஆகவே ஒரு விறைப்பானாவது வெப்பின் நேர்க்கோட்டில் அமைவது நல்லது. முடியாவிட்டால், விறைப்பான்களின் மேல்முனை மட்டத்தில் தூணுக்குள் குறுக்குத் தகடுகள் தேவைப்படலாம். விறைப்பானையும் ஃபிளாஞ்சையும் இணைக்கும் வெல்டு வெட்டுவிசை, திருப்புத்திறன் இரண்டையும் ஒருசேரத் தாங்க வேண்டும். வெட்டுவிசைக்கு மட்டும் அளவிடுவது பலமுறை காணப்படும் குறை. விறைப்பானின் சாய்ந்த வெளிவிளிம்பு அமுக்கத்தில் நெளியாதபடி தடிமன் இருக்க வேண்டும். தூணும் தகடும் சேரும் வெல்டைத் தாண்டிச் செல்ல உள்மூலையைச் சற்று வெட்டிவிட வேண்டும். இரண்டு விறைப்பான்களுக்கு நடுவே அமரும் நட்டைத் திருக ஸ்பேனர் நுழையவும் இடம் வேண்டும்.

இழுவைப் பக்கத்தில் இன்னொரு விசை ஒளிந்திருக்கிறது. தகடு மெல்லியதாக இருந்தால், போல்ட் இழுக்கும்போது அதன் வெளிவிளிம்பு கான்கிரீட்டை ஊன்றி நெம்பும். அந்த நெம்புவிசை போல்ட்டின் இழுவிசையோடு கூடிக்கொள்ளும். விறைப்பான் போல்ட்டுக்கு அருகே இருந்தால் இது பெருமளவு அடங்கும். ஐரோப்பிய நெறியான யூரோகோடு 3 இந்தப் பகுதியை டி வடிவத் துண்டாகப் பாவித்து, தகடு நெகிழ்வது, போல்ட் அறுவது, இரண்டும் சேர்ந்து நிகழ்வது என்று முறிவு வழிகளைத் தனித்தனியே கணிக்கிறது.

அப்படியானால் எது மேல்? எடைக் கணக்கு விறைப்பானை ஆதரிக்கிறது. பட்டறைக் கணக்கு பெரும்பாலும் எதிர்க்கிறது. எட்டுத் துண்டுகளை வெட்டிப் பொருத்தி, பற்றவைத்து, சோதிக்க ஆகும் உழைப்பு மிச்சமான எஃகின் விலையை விழுங்கிவிடக்கூடும். வெல்டின் வெப்பத்தில் மெல்லிய தகடு கோணிக்கொள்வதும் உண்டு. நடுத்தர அளவுத் தூண்களுக்குத் தடித்த வெறும் தகடே சிக்கனம். திருப்புத்திறன் மிகுந்து, தகடு 60, 70 மி.மீ. என்று போகும் இடத்தில்தான் விறைப்பான் தன் செலவை நியாயப்படுத்துகிறது.

தடிமனை மட்டும் நம்புவதும் சரியல்ல. 1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், அங்குள்ள பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தின் சுமார் 100 மி.மீ. தடித்த அடித்தகடுகளே பிளந்தன. சரியாக ஓராண்டு கழித்து ஜப்பானின் கோபேயிலும் தூணடிகள் பல சேதமுற்றன. நிலநடுக்கப் பகுதிகளில், நெகிழ்ந்து நீளும் உறுப்பு எது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். விறைப்பான்களின் மேல் ஒரு மேடைத்தகடு அமைத்து, போல்ட்டை அங்கே இறுக்கினால் போல்ட்டின் நீளும் பகுதி கூடுகிறது; அது முறியாமல் நீண்டு ஆற்றலை உள்வாங்க இடம் கிடைக்கிறது.

கிடைவிசையைத் தகட்டடி உராய்வு ஓரளவு தாங்கும். சிமெண்ட் சாந்துக்கு யூரோகோடு தரும் உராய்வுக் கெழு 0.2. போதாவிட்டால் தகட்டின் அடியில் வெட்டுச்சாவி ஒன்றைப் பற்றவைத்து கான்கிரீட் குழியில் இறக்குவார்கள். கடைசியாக, தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சுருங்காத கிரவுட் ஊற்றப்படுகிறது. பெரிய தகடுகளில் காற்று வெளியேறத் துளைகள் விட வேண்டும். காற்றுக்குமிழ் தங்கிய இடத்தில் தகடு கான்கிரீட்டைத் தொடாது. கணக்கில் கொண்ட அமுங்கும் பட்டை அங்கே இருக்காது.