ஒரு பெயரும் விடுபடாத ஜெபம்

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நெடுநாள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். எங்கள் ஆச்சி கல்யாணமாகி வந்ததிலிருந்து படுக்கையில் விழும்வரை அதை நிறுத்தியதில்லை. அரிசி இல்லாத நாளில் கலயத்தில் கேப்பை விழும்.

ஆச்சி பிறந்தது இடையன்குடிப் பக்கம். செம்மண்ணும் பனையுமான பூமி. 1841-இல் அங்கே வந்து சேர்ந்த கால்டுவெல்லைத் தமிழ் படித்தவர்கள் ஒப்பிலக்கணத்தால் அறிவார்கள். ஆச்சிக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. 33 வருஷம் பாடுபட்டு 1880-இல் கட்டி முடித்த திரித்துவ ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கும் ஐயராகத்தான் அவரைத் தெரியும். அவருடைய மனைவி எலைசா அம்மாள் மேல் இன்னும் ஒரு படி கூடுதல் மரியாதை. ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆச்சியின் பாட்டி ரேந்தை பின்னிய காசில்தான் எங்கள் குடும்பத்துப் பெண்கள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனார்கள். இதை ஆச்சி எங்களுக்குச் சொல்லாத பண்டிகை இல்லை.

தாத்தா பனையேறி. மாசி பிறந்தால் ஆடிவரை ஆச்சிக்குப் பதநீர் காய்ச்சும் விடிலிதான் வீடு. பதநீர் கொதித்துப் பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், நுரை அடங்கும். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பாள். பிறகு சிரட்டை சிரட்டையாகக் கருப்பட்டி ஊற்றுவாள். கை துடுப்பைக் கிண்டிக்கொண்டிருக்க, வாய் சங்கீதம் சொல்லிக்கொண்டிருக்கும். புருஷன் மரத்தின் உச்சியில் இருப்பான். இறங்கி வந்தால்தான் நிச்சயம். காலையும் மாலையும் அந்தப் பயத்தோடு அடுப்பெரித்தவள் அவள். அவளுடைய விசுவாசத்தின் வேர் அந்த விடிலியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கக் கிளம்பியபோது, நடையில் நிறுத்தித் தலையில் கைவைத்து 121-ஆம் சங்கீதம் சொல்லுவாள். பஸ் ஹாரன் அடித்தாலும் எட்டு வசனமும் முடியாமல் கையை எடுக்கமாட்டாள்.

ராத்திரி குடும்ப ஜெபம். முதலில் ஒரு கீர்த்தனை. அப்புறம் படிக்கிற பிள்ளை யாராவது வேதம் வாசிக்க வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு ஆகையால் நாக்கு இடறும். ஆச்சி கண்ணைத் திறக்காமலே திருத்துவாள். அதன் பிறகு பெயர்கள். தாராவியில் இருந்த பெரியப்பாவில் தொடங்கி மருமக்கள், பேரன் பேத்திகள், பரீட்சை எழுதுகிறவன், மாசமாக இருக்கிறவள், வேலை போனவன் என்று ஒவ்வொருவரையும் அவரவர் தேவையோடு சொல்லுவாள். எங்களுக்குத் தூக்கம் சொக்கும். ஆனாலும் நம் பெயர் வரும்வரை முழித்திருப்போம். ஊரில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் தெரிந்துகொண்டதே அந்த ஜெபத்தில்தான்.

அந்த வரிசையில் அவளுடைய ஓரகத்தியும் உண்டு. வரப்பில் நின்ற ஒரு பனை யாருக்கு என்ற தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஒரு ராத்திரி நான் கேட்டுவிட்டேன்: “அவுங்ககூடத்தான் பேசமாட்டியே ஆச்சி?”

“பேசாதது எனக்கும் அவளுக்கும் உள்ளது. இது ஆண்டவர்ட்ட சொல்லுறது. சும்மா கெட லே.”

ஆச்சியைப் புனிதவதியாக்க எனக்கு விருப்பமில்லை. ஓரகத்தி வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடந்தபோதும் அவள் வேலியைத் தாண்டவில்லை. அத்தையிடம் கஞ்சி கொடுத்தனுப்பினாள்; அன்று ஜெபத்தில் அவளுக்காக வழக்கத்தைவிட அதிக நேரம் மன்றாடினாள். மனசு இளகாத இடத்திலும் கடமையைக் கைவிடாத அந்தப் பிடிவாதம், சுலபமாக மன்னித்துவிடும் குணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது அந்தப் பெயர்களை அத்தை சொல்கிறாள். ஞாயிறு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் எல்லோரும் சேர்ந்துகொள்கிறோம். வெளியூர், வெளிநாட்டுச் சம்பந்தங்களால் அவள் வாயில் நுழையாத பெயர்கள் சில சேர்ந்துவிட்டன; எழுதிவைத்துக்கொண்டு சொல்கிறாள். ஓரகத்தி வீட்டுப் பேரன் பெயரும் அந்தத் தாளில் இருக்கிறது. போன மாதம் அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போயிருந்தோம்.