கைப்பேசிக்கும் மூப்பு உண்டோ?

ஞாயிறு பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. ஆனையூரில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும், பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நம்மை நாடி வந்தார். அவருடைய கைப்பையில் இரண்டு கைப்பேசிகள் இருந்தன. ஒன்று பழையது, விளிம்பெல்லாம் தேய்ந்து, முதுகு சற்றே உப்பியிருந்தது. மற்றொன்று, கோவையில் வேலை பார்க்கும் மகன் அண்மையில் வாங்கித் தந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

“ஐயா, இந்தப் பழைய போன் கீழே விழவில்லை, தண்ணீரில் நனையவில்லை, நான் எதையும் மாற்றவும் இல்லை. பின் ஏன் நேற்று வரை திறந்தது இன்று திறக்க மாட்டேன் என்கிறது?” என்று கேட்டார்.

நடந்தது இதுதான். மாதந்தோறும் ஓய்வூதியம் வந்து சேரும் வங்கியின் செயலி, ஒரு நாள் காலையில், ‘இந்தக் கைப்பேசியில் இனி இயங்காது’ என்று அறிவித்துவிட்டது. மகன் புதியதொரு கைப்பேசியை வாங்கி அனுப்பினான். அதில் வங்கிச் செயலி திறந்தது. ஆனால் வேறொரு கதவு அடைபட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்த அவருடைய கணவர், 2014-ஆம் ஆண்டு முதல் ஒரு சிறிய குறிப்பேட்டுச் செயலியில் வீட்டுக் கணக்கை எழுதி வந்தார். யாருக்குக் கடன் கொடுத்தது, எந்த மாத்திரை எப்போது, பேரப்பிள்ளைகள் பிறந்த நேரம், வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்பன எல்லாம் அதில் இருந்தன. இடையிடையே தம் குரலிலேயே சில சொற்களைப் பதிந்தும் வைத்திருந்தார். பேரன் அச்செயலியைப் பழைய கைப்பேசியிலிருந்து புதியதற்கு மாற்றிப் பார்த்தான். ‘இது பழைய பதிப்புக்காக உருவாக்கப்பட்டது, நிறுவ இயலாது’ என்ற விடைதான் வந்தது. அதை உருவாக்கியவர் எப்போதோ அதனைக் கைவிட்டுவிட்டார்.

“பேரன், ‘அது பழசு பாட்டி, விட்டுவிடுங்கள்’ என்கிறான். பழசு என்றால் விட்டுவிடுவதா, ஐயா?” என்றார் அந்த அம்மையார். அந்த வினா நம்மை வீடு வரை தொடர்ந்து வந்தது. இது ஒரு வீட்டுக் கதை அன்று. இன்று நம் ஒவ்வொரு குடும்பத்திலும் நடப்பது.

வீட்டுக்காரரும் குடியிருப்பவரும்

கைப்பேசி என்பது கண்ணாடியும் உலோகமும் மட்டும் அன்று. அதனை இயக்குவது இயங்குதளம் எனப்படும் அடிப்படை மென்பொருள். நம் நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது 2008-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளத்தின் ஏதேனும் ஒரு பதிப்பாகும். வங்கி, அஞ்சல், குறிப்பேடு போன்ற செயலிகள் அந்த வீட்டில் குடியிருப்பவர்களைப் போன்றவை. வீட்டுக்காரர் ஆண்டுதோறும் வீட்டை மாற்றிக் கட்டுகிறார். குடியிருப்பவர் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளாவிடில், ஒரு நாள் அவருடைய சாவி பூட்டில் பொருந்துவதில்லை.

இது இருபுறமும் நிகழ்கிறது. சில வேளைகளில் செயலியை உருவாக்கியவர், ‘பழைய வீடுகளில் இனி நாங்கள் குடியிருப்பதில்லை’ என்கிறார். ஆசிரியையின் வங்கிச் செயலிக்கு நேர்ந்தது அது. வேறு சில வேளைகளில் இயங்குதளம், ‘பழைய குடிகளுக்கு இங்கே இடமில்லை’ என்கிறது. குறிப்பேட்டுக்கு நேர்ந்தது இது.

கதவை அடைப்பது ஏன்?

காரணமின்றி அடைக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 பதிப்புக்கு முன்னர், ஒரு செயலியை நிறுவும்போதே அது கேட்ட உரிமைகள் அனைத்தையும் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. விருந்தாளி வாசலில் கால் வைத்தவுடன் பூசையறை முதல் பணப்பெட்டி வரை எல்லாச் சாவிகளையும் ஒப்படைப்பது போன்ற முறை அது. அதன்பின் வந்த முறையிலோ, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே நம் இசைவைக் கேட்க வேண்டும். தீய நோக்கமுடையோர் இதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டனர். தங்கள் செயலி பழைய முறைக்கு உரியது என்று காட்டி, மீண்டும் மொத்தச் சாவிகளையும் பெற்றனர். ஆகவே 2023-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14, அந்தப் பழைய முறைக்கென எழுதப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ விடுவதில்லை. கள்வனுக்காகப் பூட்டிய கதவு, ஆசிரியையின் கணவர் எழுதிய கணக்கையும் வெளியே நிறுத்திவிட்டது.

மற்றொரு காரணம் எண்ணிக்கையைப் பற்றியது. பழைய கைப்பேசிகளின் கணிப்பான் 32 இலக்க முகவரிகளைக் கொண்டது. ஏறத்தாழ 429 கோடி இடங்களை மட்டுமே அது எண்ணி அறியும். புதியவை 64 இலக்க முறைக்கு மாறின. நம் ஆனையூரையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் ஆனையூர் நகராட்சி மதுரை மாநகராட்சியுடன் இணைந்தது; மாநகரின் வார்டுகள் 72-இலிருந்து 100 ஆயின. பழைய வார்டு எண்ணை மட்டுமே அறிந்தவர் வழி தெரியாமல் நின்றார் அன்றோ? அதுபோலத்தான் இதுவும். ஆப்பிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் வெளியிட்ட ஐஓஎஸ் 11 பதிப்பில் 32 இலக்கச் செயலிகள் அனைத்தும் ஒரே நாளில் இயங்காமற் போயின. கூகுள் நிறுவனமும் 2019 ஆகஸ்டு முதல் தன் செயலிக் கடைக்கு வரும் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 64 இலக்க முறையில் இருத்தல் வேண்டும் என விதித்தது.

பழையதைப் புதுப்பிக்காமல் விட்டால் நேரும் தீங்கையும் உலகம் கண்டிருக்கிறது. 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீய மென்பொருள் பல நாட்டுக் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. பலர் அதனைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆதலின், புதுப்பித்தலே தீது என்று நாம் கூறவில்லை.

ஏழையின் கைப்பேசி

ஆனால் புதுப்பித்தலின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. வாட்ஸ்அப் செயலி 2018 டிசம்பர் 31-ஆம் நாளுடன் நோக்கியாவின் எஸ்40 வகைக் கைப்பேசிகளைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு அதே நாளில் விண்டோஸ் கைப்பேசிகளைக் கைவிட்டது. 2023 அக்டோபர் 24 முதல், ஆண்ட்ராய்டு 5.0-க்கு முற்பட்ட எதிலும் அது இயங்குவதில்லை.

இவற்றினும் நம் மக்களை நெருங்கித் தொட்டது ஜியோபோன். 1,500 ரூபாய் முன்பணத்திற்குக் கிடைக்கும் என்று 2017-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பொத்தான் கைப்பேசி, கையோஎஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டது. 2018-இல் அதற்கு வாட்ஸ்அப் வந்தது. தொடுதிரை வாங்க இயலாத எத்தனையோ தாய்மார், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் குரலை அதில்தான் கேட்டனர். 2024 ஜூன் மாதத்தில் அதனைப் புதிதாகப் பதிவிறக்கும் வசதி நிறுத்தப்பட்டது. 2025-இன் தொடக்கத்தோடு ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் முடிவு குறிக்கப்பட்டது. கைப்பேசி நன்றாக இருந்தது. மின்கலமும் நன்றாக இருந்தது. நின்றுபோனது உறவுக்கான பாலம் மட்டுமே.

2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது நாடே அறிந்தது. கடைசி நாளில் தந்தி அலுவலகங்களில் மக்கள் வரிசையில் நின்று, தம் இனியவர்களுக்குக் கடைசித் தந்தியை அனுப்பினர். ஒரு செயலி நிற்கும்போதோ அத்தகைய விடைபெறுதல் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் தோன்றி மறைகிறது. அதைப் படிக்கத் தெரியாத மூதாட்டி, தாம்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் கலங்குகிறார். இந்தக் கலக்கமே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

பொறுப்பு யாருடையது?

பத்து வகைப் பழைய பதிப்புகளிலும் ஒரு செயலியைச் சோதித்துத் திருத்துவதற்கு உழைப்பும் பணமும் வேண்டும் என்பது உண்மை. புதிய கைப்பேசி விற்றால் நிறுவனத்துக்கு ஆதாயம் உண்டு என்பதும் உண்மையே. புதுப்பிப்புகளால் பழைய கைப்பேசிகளின் இயக்கம் தளர்ந்தது எனக் கூறி, இத்தாலி நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் 2018-இல் ஆப்பிள், சாம்சங் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்விலைக் கைப்பேசிகள் சிலவற்றுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பை வாக்களித்துள்ளன. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலை மைய அரசு 2022 டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, தொடங்கி வைத்தது. ஆயினும் நம்மவர் மிகுதியாக வாங்குவது விலை குறைந்த கைப்பேசிகளை. அவற்றின் ஆயுள் எவ்வளவு என்று கடையில் கேட்பவர் அரியர்.

ஓலையும் தாளும்

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில், அன்றீக்கு அடிகளார் என நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கசு, ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழில் அச்சிட்டார். அதன் படி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்நூலைத் திறந்து தமிழறிந்தவர் இன்றும் படிக்கலாம். நம் பங்குக் கோயிலில் உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், பாட்டனாரின் பெயர் மங்கிய மையில் தெரிகிறது. ஆனால் 2014-இல் ஒருவர் அன்போடு எழுதிய வீட்டுக் கணக்கைப் பத்தே ஆண்டுகளில் புதிய கருவியில் திறக்க முடியவில்லை!

ஓலை மட்டும் என்றும் நிலைத்ததா என்றால், இல்லை. பனையோலையைப் பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். அதை அறிந்த நம் முன்னோர், ஏடு நைந்து போகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தது ஓலையின் வலிமையால் அன்று. பெயர்த்தெழுதிய கைகளின் பொறுமையால்.

மூன்று மாலைகள்

அந்தப் பொறுமையைத்தான் ஆசிரியையின் வீட்டில் நாம் கண்டோம். நம் வேண்டுகோளை ஏற்று, அதே தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி மூன்று மாலைகள் அங்கே சென்றாள். பழைய கைப்பேசியில் கணவரின் குறிப்புகளை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, திரையில் தெரிவதைப் படமாக எடுத்துச் சேமித்தாள். அந்தப் படங்களைப் புதிய கைப்பேசிக்கும் மகனின் கணிப்பொறிக்கும் அனுப்பினாள். முக்கியமான பக்கங்களை ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

குரல் பதிவுகளுக்குத்தான் வழி தெரியவில்லை. அவை செயலிக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தன. கடைசியில் மாணவி மிக எளிய ஒன்றைச் செய்தாள். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, இரண்டு கைப்பேசிகளையும் மேசைமேல் அருகருகே வைத்தாள். பழையது பேசிற்று, புதியது கேட்டுப் பதிந்துகொண்டது. “மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் மல்லி காய்கிறது, எடுத்து வை” என்று அவர் எப்போதோ சொன்ன சொற்கள் அந்த அறையில் ஒலித்தன. ஆசிரியை ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய் மாணவிக்குக் காப்பி கலந்து வந்தார். இரண்டு பதிவுகள் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தன, அவை மீளவில்லை.

நாம் செய்யத்தக்கவை

நம் குடும்பங்களுக்குச் சிலவற்றைக் கூற விழைகிறோம். கைப்பேசி வாங்கும்போது விலையையும் படக்கருவியையும் மட்டும் கேளாமல், ‘எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும்?’ என்றும் கேட்போம். பிள்ளைகளின் படங்கள், பத்திர விவரம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை ஒரே செயலிக்குள் அடைத்து வைக்க வேண்டாம். எந்தக் கருவியிலும் திறக்கும் சாதாரணப் படமாகவோ எழுத்துக் கோப்பாகவோ இன்னோர் இடத்திலும் வைப்போம். மிக முக்கியமானவற்றைத் தாளிலும் எழுதி வைப்போம்.

பழைய செயலி நின்றுவிட்டதே என்று, முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொட்டு அதனை நிறுவுதல் கூடாது. அந்த வழியில் வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தோர் பலர். அவ்வாறு நேர்ந்துவிட்டால் உடனே 1930 என்னும் அரசின் உதவி எண்ணை அழைக்க வேண்டும். உப்பிய மின்கலத்தைக் குப்பையில் எறிவதோ, குத்திப் பார்ப்பதோ தீ விபத்துக்கு இடமாகும். பழுதுபார்ப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

இறுதியாக, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பெற்றோருக்குப் புதிய கைப்பேசி வாங்கி அனுப்புவது நற்செயலே. ஆனால் அதோடு கடமை முடிந்துவிடவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அவர்கள் அருகில் அமருங்கள். பழைய கைப்பேசியில் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் காட்டுவதைப் பொறுமையோடு பாருங்கள். கருவிக்கு மூப்பு வருவதை நம்மால் தடுக்க இயலாது. அதனுள் இருப்பதைப் பெயர்த்தெழுத இயலும். ஆனால் அதனைப் பழைய கருவி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும்.

ஆசிரியையின் பழைய கைப்பேசி இன்று அணைக்கப்பட்டுவிட்டது. தைத்த அந்தத் தாள் கட்டு மட்டும் செபப்புத்தகத்தின் அருகில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்கள் வெறுமையாய் இருந்தன. இப்போது அவற்றில் அவர் தம் கையால் வீட்டுக் கணக்கை எழுதி வருகிறார்.