பலகை வீடுகள் – 12: கடன் வாங்கிய பெயர்

சென்ற வாரம் ஸ்ரீ கெம்பாங்கானில் மிச்சமிருக்கும் பழைய பலகை வீடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அவசரகாலத்தில் குடும்பங்களை ஊரோடு பெயர்த்துவந்து கம்பிவேலிக்குள் உட்கார வைத்த புதுக்கிராமம்தானே இது. அதைப் படித்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். பேச்சிலேயே யாழ்ப்பாணத்தார் என்று தெரிந்துவிட்டது.

"தம்பி, அமெரிக்காவில ஒரு பலகை வீடு இருக்கு, செரோக்கி சனத்துக்குப் போன பாதிரியாரின்ர வீடு. அதைப் பற்றியும் எழுதும். எங்கட பூட்டனாரின்ர பேருக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரன்ர பேர் ஒட்டிக்கிடந்தது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு."

இருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தில் நியூ எச்சோட்டா என்ற இடத்தில், மாடி வைத்த அந்த வீடு இன்னும் நிற்கிறது. 1828-இல் கட்டியது. ஒரு காலத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கிகளின் தலைநகரம் அது. அன்றைய கட்டடங்களில் அங்கேயே மிஞ்சியது இது ஒன்றுதான். அந்த நாட்டில் சாதாரண வீடு என்றால் முழு மரங்களைக் கிடையாக அடுக்கி, மூலையில் கொத்திப் பூட்டி, இடுக்குகளில் களிமண் அப்பியது. மிஷன் பள்ளிகளும் முதலில் அப்படித்தான் எழும்பின. பாதிரியார் சாமுவேல் ஊஸ்டரின் வீடு அறுத்த பலகை. ஒரு படி மேல். ஊர்த் தபால் வேலையையும் அவரே பார்த்தார்.

அதே 1828-இல் அங்கே 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. பாதி ஆங்கிலம், பாதி செரோக்கி. செக்கோயா என்ற செரோக்கிக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர், தம் மொழிக்குத் தாமே உருவாக்கிய எழுத்து. அசைக்கு ஒன்றாக, நம் உயிர்மெய்போல. அதற்கு பாஸ்டனில் அச்செழுத்து வார்க்க ஏற்பாடு செய்தவர் ஊஸ்டர்.

அவரை அனுப்பியதும் பாஸ்டனில் இருந்த மிஷன் சங்கம்தான். யாழ்ப்பாணத்தில் 'அமெரிக்கன் மிஷன்' என்று சொல்வார்களே, அதே சங்கம். 1815 அக்டோபரில் 'ட்ரையட்' என்ற கப்பலில் புறப்பட்ட முதல் குழு மறு ஆண்டு இலங்கையில் இறங்கியது. அவர்களுக்குக் காட்டுமரம் வெட்டும் வேலை இல்லை. வட்டுக்கோட்டையில் பழைய ஆட்சியாளர்கள் விட்டுப்போன, கூரையற்ற கட்டடங்களைப் பழுதுபார்த்துக் குடியேறினார்கள். 1817-இல் அதே சங்கம் செரோக்கி நாட்டில் பிரெய்னர்ட் என்ற நிலையத்தைத் தொடங்கியது. சங்கத்தின் முதல் செயலாளர், நம் ஊஸ்டரின் சிற்றப்பாவோ பெரியப்பாவோ, அவர் பெயரும் சாமுவேல் ஊஸ்டர்தான். யாழ்ப்பாணக் கடிதங்களைப் பிரித்துப் படித்த அந்த மனிதர் 1821-இல் உயிரை விட்டது பிரெய்னர்டில்.

பெரியவரின் பூட்டனார் கதைக்கு வருவோம். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றால், பிள்ளைக்கு அவர் சொல்லும் பெயர். இப்படித்தான் யாழ்ப்பாணத்தில் கரோல் விசுவநாதபிள்ளையும் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் உண்டானார்கள். 'செரோக்கி ஃபீனிக்ஸ்' ஆசிரியரோ பிறப்பில் பக் வாட்டி. பள்ளிக்குப் போகும் வழியில் சந்தித்த ஒரு பெரிய மனிதரின் பெயரை வாங்கிக்கொண்டு இலயஸ் பூடினோ ஆனார். கரோல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவர். பூடினோவின் வழி வேறு.

செரோக்கி மண்ணில் வசிக்கும் வெள்ளையர் தன்னிடம் உரிமம் வாங்கவேண்டும் என்றது ஜார்ஜியா. ஊஸ்டர் வாங்கவில்லை, 1831-இல் நான்கு ஆண்டு கடுங்காவல். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தும் 1833-இல்தான் கதவு திறந்தது. கொழும்பு அரசாங்கமும் சளைத்ததில்லை: 1820-இல் யாழ்ப்பாண மிஷனுக்கு வந்த அச்சுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால்தான் தமிழும் ஆங்கிலமுமான 'உதயதாரகை' 1841 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பது என் கணிப்பு.

ஜார்ஜியா இதற்குள் செரோக்கி நிலத்தைத் துண்டு போட்டு லாட்டரி நடத்தியது. நாம் நாலு நம்பர் எழுதுவதுபோலச் சீட்டு. பரிசு அடுத்தவன் வீடு. ஊஸ்டரின் வீடும் ஒருவருக்கு விழுந்தது. 1834-இல் ஊஸ்டர் பெட்டி படுக்கையோடு வெளியேறினார். நிலத்தை ஒப்படைக்கும் 1835 உடன்படிக்கையில் பூடினோவும் கையெழுத்திட்டார். இனி இங்கே வாழவிட மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1838-39-இல் பட்டாளம் வைத்துப் பெயர்த்த செரோக்கிகளில் ஆயிரக்கணக்கானோர் வழியிலும் முகாம்களிலும் இறந்தார்கள். 1839 ஜூனில், மருந்து கேட்டு வந்தவர்கள்போல வந்த சிலர் பூடினோவை வெட்டிக் கொன்றார்கள். அப்போது அவர் தங்கியிருந்தது ஊஸ்டரின் புது வீட்டில்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை.

"உங்கள் பூட்டனாருக்கு ஒட்டிய பெயர் என்னங்கய்யா?"

"ஆருக்குத் தெரியும்? அப்பப்பா மலாயா ரயில்வேயில சேரேக்க அது ஒரு எழுத்தாப் போச்சு. எனக்கும் அந்த இனிஷியல்தான். என்னத்துக்கு அந்த எழுத்தெண்டு அப்பாவிட்ட நான் கேக்கேல்ல."

(தொடரும்)