ஊர் எழுதும் மழைக் கணக்கு

மழை பெய்தால் பயிர் செழிக்கும். கிணறு ஊறும். ஏரி, குளம் நிறையும். ஆனால் மழை அளவுக்கு மீறினால் என்ன ஆகும்? ஆறு கரை உடைக்கும். மலையில் மண் சரியும். வீடு போகும். உயிரும் போகும்.

மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் மழையை அளக்க முடியும். அளந்தால் ஆபத்து வரும் முன்பே விலகிச் செல்ல வழி உண்டு. மழையை அளப்பது யார் வேலை? அரசின் வேலை மட்டும்தானா? ஊர் மக்களும் அளக்கலாமா? அவர்கள் எழுதும் கணக்கை அரசு எடுத்துக்கொள்ளுமா? கேரள மாநிலத்தில் நடந்தவை இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

மழையை அளப்பது எப்படி?

மழையை அளக்கும் கருவிக்கு மழைமானி என்று பெயர். மேலே ஒரு புனல். கீழே நீர் சேரும் பாத்திரம். அதனுடன் கோடு போட்ட ஓர் அளவுக் குவளை. இவ்வளவுதான் சாதாரண மழைமானி.

மழையின் அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். சுருக்கமாக மி.மீ. என்று எழுதுவார்கள். 10 மி.மீ. சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர்.

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் ஓர் ஏக்கர் நிலத்தில் 200 மி.மீ. மழை பெய்தால்? சுமார் 8 லட்சம் லிட்டர் நீர் விழும். 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 80 வந்து ஒரே ஏக்கரில் கொட்டியது போல இருக்கும். சரிவான மலையில் இவ்வளவு நீர் இறங்கினால் மண் தாங்குமா?

அரசு என்ன செய்கிறது?

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் அதற்கு மழைமானிகள் உள்ளன. ரேடார்களும் உள்ளன. செயற்கைக்கோள் படங்களும் அதற்குக் கிடைக்கின்றன. ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கிடுவார்கள்.

ஒரு நாளில் 64.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது கனமழை. 115.5 மி.மீ.க்கு மேல் போனால் மிக கனமழை. 204.4 மி.மீ.யையும் தாண்டினால் அதி கனமழை. ஆபத்துக்கு ஏற்ப மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கையும் தருவார்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும் என்று பொருள்.

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. மாவட்டத்திலும் ஓர் ஆணையம் உண்டு. அதற்குக் கலெக்டர் தலைவர். யாரை எப்போது வெளியேற்றுவது, எங்கே தங்க வைப்பது என்று இவர்கள்தான் திட்டம் போட வேண்டும்.

அது ஏன் போதவில்லை?

சமவெளியில் ஓர் ஊரில் பெய்யும் மழை பெரும்பாலும் பக்கத்து ஊரிலும் பெய்யும். மலையில் அப்படி இல்லை. ஒரு மலையின் இந்தப் பக்கம் தூறல் போடும். அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். ஒரு தாலுகாவுக்கு ஒரு மழைமானி இருந்தால் அது தன் இடத்து மழையைத்தான் காட்டும். பக்கத்துப் பள்ளத்தாக்கின் நிலைமை அதற்குத் தெரியாது.

மாவட்டம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்கள் இருப்பார்கள். எல்லோரையும் வெளியேற்ற முடியாது. எந்த மலைச்சரிவில் ஆபத்து? எந்தத் தெரு முதலில் கிளம்ப வேண்டும்? இதைச் சொல்ல அருகருகே பல மழைமானிகள் வேண்டும்.

வயநாட்டில் என்ன செய்தார்கள்?

வயநாடு கேரளத்தின் மலை மாவட்டம். தேயிலை, காப்பி, மிளகு அங்கே விளைகின்றன. 2018 ஆகஸ்டில் கேரளம் பெரும் வெள்ளத்தைக் கண்டது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்ட் 8 அன்று வயநாட்டில் புத்துமலை என்ற இடத்தில் மலை சரிந்தது. 17 பேர் பலியானார்கள்.

வயநாட்டின் கல்பெட்டாவில் ஹியூம் சூழலியல் மையம் என்ற அமைப்பு உள்ளது. இது அரசு அமைப்பு அல்ல. இந்த மையம் விவசாயிகளையும் தொண்டர்களையும் சேர்த்து மழைக் கணக்கு எடுக்கிறது. மாவட்டத்தில் 200க்கும் மேற்பட்ட இடங்களில் மழை அளக்கப்படுகிறது. வயநாட்டின் பரப்பு சுமார் 2,100 சதுர கிலோமீட்டர். அப்படியானால் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி. அந்தக் கணக்கு மாவட்ட நிர்வாகத்துக்கும் போகிறது.

2020 ஆகஸ்டில் இதன் பயன் தெரிந்தது. முண்டக்கை என்ற மலைப்பகுதியில் மழை ஏறிக்கொண்டே போனது. மையம் நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். பிறகு மலை சரிந்தது. ஆனால் அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

2024இல் நடந்தது என்ன?

அதே மலைப்பகுதியில் 2024 ஜூலையில் மீண்டும் கடும் மழை. புத்துமலையில் இருந்த மழைமானி 200 மி.மீ. காட்டியது. அன்று இரவில் மேலும் 130 மி.மீ. பெய்தது. ஜூலை 29 காலையில் மையம் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் அனுப்பியது. அரசு வானிலைத் துறை அன்று வயநாடு மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருந்தது.

மேட்டில் இருந்த சில குடும்பங்கள் கிளம்பின. ஆனால் கீழே ஆற்றோரத்தில் இருந்த பலர் வீட்டிலேயே தங்கினர். மலை தூரத்தில் இருக்கிறது, இங்கே வராது என்று நினைத்தார்கள். ஜூலை 30 அதிகாலை, இருட்டில், மலை உடைந்தது. சேறும் பாறையும் மரங்களும் ஆற்று வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாய்ந்து வந்தன. முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

காலையில் தகவல் போனது. மலை உடைந்தது நள்ளிரவுக்குப் பிறகு. நடுவில் சுமார் 16 மணி நேரம் இருந்தது. மழையை அளந்தாயிற்று. எண்ணும் கையில் இருந்தது. ஆனால் எந்த எண் வந்தால் எந்தத் தெரு கிளம்ப வேண்டும் என்பது முன்பே முடிவாகி இருக்க வேண்டும். மழைக் கணக்கு திட்டத்தோடு சேர்ந்தால்தான் உயிரைக் காக்கும்.

தனியார் நிறுவனங்கள்

ஊர் மக்கள் மட்டுமல்ல, தனியார் நிறுவனங்களும் வானிலையைக் கணிக்கின்றன. இந்தியாவில் ஸ்கைமெட் என்ற நிறுவனம் 2003இல் தொடங்கியது. மகாராஷ்டிர மாநில அரசு இந்த நிறுவனத்தோடு சேர்ந்து 2,000க்கும் மேற்பட்ட தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்தது. அவை மழை, வெப்பம், காற்று ஆகியவற்றைத் தாமே அளந்து அனுப்பும்.

2020இல் கேரள அரசும் தனியார் நிறுவனங்களிடம் பணம் கொடுத்து வானிலைத் தகவல் வாங்க முடிவு செய்தது. அரசுத் துறையின் தகவலோடு இதையும் வைத்துப் பார்க்கலாம் என்பதே நோக்கம்.

இதில் கவனம் வேண்டும். தனியாரிடம் வாங்கும் தகவலுக்குச் செலவு உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் தகவல் நின்றுவிடக் கூடாது. பழைய கணக்கு மாநிலத்தின் கையில் இருக்க வேண்டும். புயல் நேரத்தில் தகவல் தடைபட்டால் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

தவறான கணக்கு வந்தால்?

ஊர் மக்கள் எழுதும் கணக்கை நம்பலாமா? அதிகாரிகள் இப்படிக் கேட்பது நியாயமே. புனலில் இலை அடைத்திருக்கலாம். மழைமானி மரத்தடியில் இருக்கலாம். 12.5 என்பதை ஒருவர் 125 என்று எழுதிவிடலாம். தானியங்கிக் கருவியும் பழுதாகலாம். மின்கலம் தீர்ந்துபோகலாம்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. பக்கத்து இடங்களோடு ஒப்பிட வேண்டும். சுற்றிலும் 30, 35, 40 என்று வருகிறது. ஓர் இடத்தில் மட்டும் 300 என்று வருகிறது. அப்போது என்ன செய்வது? அதை அப்படியே நம்பவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. உடனே போன் செய்து கேட்க வேண்டும். மலையில் அது உண்மையாகவும் இருக்கலாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒரே முறையில் எழுத வேண்டும். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும். இடத்தை வெறுமையாக விட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று தெரியாது.

திட்டத்தில் சேர்ப்பது எப்படி?

முதலில், எல்லா எண்களும் மாவட்டத்தில் ஒரே இடத்துக்கு வர வேண்டும். அதைப் பார்க்க இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு மலைச்சரிவுக்கும் ஓர் அபாய அளவு வேண்டும். இரண்டு நாளில் இத்தனை மி.மீ. பெய்தால் இந்த வீடுகள் காலி செய்யப்படும் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். மக்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பினால் கூலி போகும். ஆடு மாட்டை யார் பார்ப்பது என்ற கவலை இருக்கும். ஒருமுறை கிளம்பி ஒன்றும் நடக்காவிட்டால் மறுமுறை தயங்குவார்கள். இதற்கெல்லாம் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எண் பலரிடமிருந்து வரலாம். எச்சரிக்கை ஓரிடத்திலிருந்துதான் வர வேண்டும். ஆளுக்கு ஒன்று சொன்னால் மக்கள் குழம்புவார்கள். வதந்தி பரவும். ஆகவே, எச்சரிக்கை கொடுப்பது அரசின் பொறுப்பு.

நான்காவது, செய்தி போய்ச் சேர வழி வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தன. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 70 பேர் மாண்டார்கள். அப்போது மின்சாரம் இல்லை. செல்போனும் வேலை செய்யவில்லை. மலை சரிந்த செய்தி மறுநாள் காலைதான் வெளியே தெரிந்தது. செல்போன் நின்றாலும் செய்தி செல்ல வயர்லெஸ், சைரன், ஒலிபெருக்கி, ஓடிப்போய்ச் சொல்லும் ஆள் என்று வேறு வழிகள் வேண்டும்.

எழுதத் தெரிந்த கை

கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் வாழும் மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் மழையை அளக்கிறார்கள். ஆற்றில் அளவுகோல் வைத்து நீர் மட்டத்தையும் பார்க்கிறார்கள். மேலே மலையில் எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால், கீழே உள்ள ஊர்கள் பொருள்களை எடுத்து வைக்க நேரம் கிடைக்கிறது.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். நாளையும் நேரத்தையும் எழுதத் தெரிய வேண்டும். ஒரு நாளும் தவறாமல் செய்யும் பொறுப்பு வேண்டும். எழுதப் படிக்கக் கற்ற எவரும் இதைச் செய்யலாம். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துவது அரசின் கடமை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள மழைமானி எங்கே இருக்கிறது?

2. உங்கள் ஊரில் வெள்ளமோ மண்சரிவோ வந்தால் முதலில் எந்தத் தெரு பாதிக்கப்படும்?

3. ஆபத்து வந்தால் எங்கே போய்த் தங்க வேண்டும்? முதியவர்களையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வார்கள்?

4. மின்சாரமும் செல்போனும் நின்றுபோனால் உங்கள் ஊருக்குச் செய்தி எப்படி வரும்?