சேய்மைக் கணினியை ஏவுதல்

திருத்தணிகை மலையடிவாரத்தில் அமர்ந்தவாறே, கடல் கடந்த நாட்டில் வாடகைக்குப் பெற்ற கணினியொன்றை நாம் ஏவல்கொள்ளுதல் இக்காலத்து எளிதாயிற்று. பயனர் பெயரையும் அக்கணினியின் முகவரியையும் குறித்து உட்புகுந்தபின், இங்கு எழுதும் ஒருவரி ஆங்கே நிறைவேறும். எனினும், இடைவழியில் அதனைப் பிறர் படிப்பரேல் என்னாம்?

முன்னாளில் வழங்கிய டெல்நெட் முறையில், கடவுச்சொல்லும் அஞ்சலட்டைச் செய்திபோல் மறைப்பின்றியே சென்றது. 1995-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவாடப்படவே, ஆங்கு ஆய்வாளராயிருந்த தாத்து இலோனென் என்பார் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை வகுத்தார். இதன்கண் இருபுறக் கணினிகளும் முதற்கண் ஓர் இரகசியத் திறவுகோலை அமைத்துக்கொள்ளும். அதன்பின்னரே சொற்கள் மறைகுறிகளாய்ச் செல்லும்.

ஆயினும், காவல் முழுவதும் கருவியினிடத்ததன்று. முதன்முறை இணையுங்கால், அக்கணினி தன் கைரேகை போன்றதோர் குறியைக் காட்ட, "நம்பலாமோ?" என்னும் வினா திரையில் எழும். நம்மிற் பலர் அதனைப் படியாமலே "ஆம்" என்கின்றோம். கணினியை வாடகைக்குத் தந்தோர் அறிவித்துள்ள குறியோடு அதனை ஒப்பிட்டு நோக்குதல் நம் கடன். வாயிலில் நிற்பவன் வீட்டினனோ வேடதாரியோ என்று ஆராயாது கடவுச்சொல்லைக் கூறுவார்க்கு, வழியிலிட்ட பூட்டு யாது பயன் தரும்?